ஏபிஏ-வில் இருக்கும் 86 ரெஃபரென்ஸ்களை வான்கூவர் ஸ்டைலுக்கு எப்படி மாற்றுவது?

ஆய்வேட்டுக்காக ஏபிஏ ஸ்டைலில் (உரையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் முறை) டைப் செய்து வைத்த 86 ரெஃபரென்ஸ்களை ஒரு மருத்துவ ஜர்னலுக்காக வான்கூவருக்கு (பெயருக்குப் பதில் எண் போடும் முறை) மாற்றச் சொல்லியிருக்கிறார் கைடு, பத்து நாள்தான் இருக்கிறது, கையாலேயே ஒவ்வொன்றாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து கையால் மாற்றாதீர்கள். நான் சென்னையில் ஒரு டைப்செட்டிங் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகக் காப்பி எடிட்டிங் செய்கிறேன். வெளிநாட்டு ஜர்னல்கள் பலவற்றின் பேப்பர்கள் சென்னை, புதுச்சேரி அலுவலகங்கள் வழியாகத்தான் அச்சுக்குப் போகின்றன. அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். கமா தப்பாக இருந்தால் எங்கள் மென்பொருளே திருத்திவிடும். பக்க எண்ணோ ஆண்டோ தப்பாக இருந்தால் அது பேப்பரோடு சேர்ந்து அச்சாகிவிடும் ஆபத்து உண்டு. அதனால் உங்கள் பத்து நாளில் பெரும்பகுதி தகவலைச் சரிபார்க்கப் போகட்டும், நிறுத்தக்குறிகளுக்கு அல்ல.

ஒரு உதாரணம். கோஸ்டர்லிட்ஸ், தௌலெஸ் இருவரும் 1973-இல் எழுதிய இயற்பியல் பேப்பர் ஒன்று உண்டு. ஏபிஏ-வில் பெயர்களை அடுத்து அடைப்புக்குறிக்குள் 1973 வரும், கடைசியில் தொகுதி, இதழ், பக்க எண்கள் 6(7), 1181–1203 என்று முடியும். வான்கூவரில் ஆண்டு பின்னால் போய் 1973;6(7):1181-203 என்றாகும் (கடைசிப் பக்க எண்ணில் திரும்ப வரும் முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள்), ஜர்னல் பெயரும் சுருங்கும். இதெல்லாம் இடமாற்றம்தான், கணினி நொடியில் செய்துவிடும்.

ஆனால் இதே பேப்பரை எடுத்துக்கொண்டு சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அதுவரை அதைக் குறிப்பிட்டிருந்தவை சுமார் 4300 பேப்பர்கள். அவற்றில் 196 இடத்தில் ரெஃபரென்ஸ் விவரம் தப்பு. வகை பிரித்துப் பார்த்தால் அந்த 196-இல் வெவ்வேறு தப்புகள் வெறும் 45தான். ஒரே ஒரு தப்பான பக்க எண் மட்டும் 78 பேப்பர்களில் அப்படியே இருந்தது. 78 பேர் தனித்தனியாக ஒரே எண்ணைத் தப்பாக டைப் செய்ய வாய்ப்பே இல்லை. ஒருவர் பட்டியலை இன்னொருவர் எடுத்துப் போட்டதால் வந்தது. இதிலிருந்து, மேற்கோள் காட்டுகிறவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். உங்கள் 86-இல் எத்தனை வேறொரு பேப்பரின் பட்டியலிலிருந்து வந்தவை என்று உங்களுக்குத் தெரியும். முதலில் அவற்றைச் சரிபாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ரெஃபரென்ஸ்களைச் சேமித்து வடிவமைக்கும் ஜோட்டேரோ என்ற மென்பொருள் இலவசம், அதை இறக்கிக்கொள்ளுங்கள். மேலே மந்திரக்கோல் மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி ஒவ்வொரு பேப்பரின் டிஓஐ எண்ணையோ (பேப்பருக்கான நிரந்தர இணைய அடையாளம்) பப்மெட் என்ற மருத்துவப் பேப்பர் தளத்தின் எண்ணையோ ஒட்டினால் முழு விவரமும் தானாக வந்து விழும். பழைய பட்டியலைப் பார்த்துத் திரும்ப டைப் செய்ய வேண்டாம், பழைய தப்பும் கூடவே வந்துவிடும். அப்புறம் வேர்டில் நீங்கள் டைப் செய்த மேற்கோள்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு அதே இடத்தில் ஜோட்டேரோ வழியாகச் செருகுங்கள். சலிப்பான வேலைதான், இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆனால் ஏபிஏ-வில் பட்டியல் அகர வரிசை, வான்கூவரில் உரையில் முதலில் வருவது எண் 1. எண்ணைக் கையால் போட்டால், ரிவிஷனில் ஒரு பத்தியை மேலே தூக்கிய அன்றே எல்லாம் குலைந்துவிடும். ஒருமுறை எனக்கு வந்த பேப்பரில் 23-இலிருந்து கடைசி வரை எல்லா எண்ணும் ஒன்று தள்ளியிருந்தது. நெல் ரகம் பற்றிய வாக்கியத்துக்கு எலிச் சோதனைப் பேப்பர் சான்றாக நின்றது. இரண்டு ரிவ்யூவர்களைத் தாண்டி வந்திருந்தது அது.

அட்டவணையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு ரெஃபரென்ஸ் அட்டவணையில் மட்டும் வந்தால், உரையில் அந்த அட்டவணை முதலில் எங்கே குறிப்பிடப்படுகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் அதற்கு எண். பேப்பரின் கடைசியில் அட்டவணை இருப்பதால் கடைசி எண்ணைக் கொடுத்துவிடுவார்கள், நாங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வான்கூவர் என்பது ஒரே ஸ்டைல் என்றும் நினைக்காதீர்கள். 1978-இல் மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடி ஒரு பொது வடிவத்தைப் பேசியதால் அந்தப் பெயர் வந்தது. ஒவ்வொரு ஜர்னலும் அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது. ஒன்றில் எண் மேலெழுத்தாக வரும், இன்னொன்றில் சதுர அடைப்புக்குள் வரும். ஒன்று ஆறு ஆசிரியர்களுக்குப் பிறகு எட் ஆல் (மற்றும் பலர்) போடும், இன்னொன்று மூன்றிலேயே போட்டுவிடும். ஜோட்டேரோவில் பத்தாயிரத்துக்கும் மேல் ஸ்டைல்கள் இருக்கின்றன, உங்கள் ஜர்னலின் பெயரிலேயே தேடுங்கள். அந்த ஜர்னலில் போன மாதம் வந்த ஒரு பேப்பரைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆசிரியர் வழிகாட்டி பழையதாக இருக்கலாம், அச்சான பேப்பர் இன்றைய நடைமுறையைக் காட்டும்.

மென்பொருள் கொண்டுவருவதை அப்படியே நம்பவும் வேண்டாம். தலைப்பு முழுக்க கேப்பிடல் எழுத்தில் வரும். உயிரினப் பெயரின் சாய்வெழுத்து போயிருக்கும். நம் பெயர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. கண்ணன் என்பவர், அப்பா பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். ஆர். கண்ணன் என்று எழுதிய பேப்பரில் அவர் கண்ணன் ஆர். பாஸ்போர்ட்டில் உள்ளபடி கண்ணன் ராமசாமி என்று எழுதிய அடுத்த பேப்பரில் அவர் ராமசாமி கே. ஆகிவிடுகிறார், எழுதாத அப்பாவின் பெயர் மேற்கோளாக நிற்கிறது. மற்றவர் பேப்பரில் அச்சானபடியே விட்டுவிடுங்கள், நீங்களாகத் திருத்தினால் தேடுகிறவருக்குக் கிடைக்காது. ஆனால் உங்கள் பெயரை எப்படிப் போடுவது என்று இந்த முதல் பேப்பரிலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். ஆர்கிட் தளத்தில் ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கும், அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளில் ஒவ்வொரு டிஓஐ-யையும் சொடுக்கிப் பாருங்கள். அதே தலைப்பு திறக்கிறதா? திரும்பப் பெறப்பட்ட பேப்பர் என்றால் ஜோட்டேரோ சிவப்புப் பட்டை காட்டும், அதைக் கவனிக்காமல் அனுப்பாதீர்கள். ஏஐ கொடுத்த ரெஃபரென்ஸ் ஏதாவது இருந்தால் பேப்பரைக் கண்ணால் பார்க்காமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஆசிரியர், ஜர்னல், ஆண்டு எல்லாம் பொருத்தமாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு பேப்பரே இருக்காது. பழைய புத்தகங்களுக்கு டிஓஐ இல்லாமல் இருக்கலாம், அவற்றுக்கு நூலகத்தில் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

அனுப்பும் பிரதியில் ஜோட்டேரோ இணைப்பை நீக்கச் சொன்னால், ஃபைலை இன்னொரு பெயரில் சேமித்துவிட்டு அதில் மட்டும் நீக்குங்கள். ரிவிஷன் வரும்போது இணைப்புள்ள பிரதிதான் வேண்டும். ஜர்னலின் பெயரைக் கமெண்டில் போடுங்கள், அதற்கான ஸ்டைல் இருக்கிறதா என்று இன்று இரவே பார்த்துச் சொல்கிறேன்.