லேசர் மெஷின் பாதுகாப்பு: கேள்வி பதில்

பர்கூர் வாசகர்: அண்ணா, கிரானைட்டில் போட்டோ பொறிக்க சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) லேசர் மெஷின் வாங்கியிருக்கிறேன். மூடி தெளிவான அக்ரிலிக். கண்ணுக்கு ஆபத்தா?

பதில்: இல்லை தம்பி. சிஓ2 கதிரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர், அக்ரிலிக் அதைத் தடுத்துவிடும். மூடியைத் திறந்தால் கதிர் நிற்க வேண்டும். அதற்கான சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றி ஓட்டாதீர்கள். உங்கள் கவலை தூசியாக இருக்கட்டும். கருப்பு கிரானைட்டைவிட சாம்பல் நிற கிரானைட்டில், நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா அதிகம். பொறித்த இடத்தைத் தடவினால் விரலில் ஒட்டுகிற வெள்ளைப் பொடிதான் நுரையீரலுக்கும் போகிறது. ஈரத்துணியால் துடையுங்கள், ஏர் அடிக்காதீர்கள்.

ஓசூர் வாசகர்: 1,500 வாட் பைபர் லேசர் வெல்டிங். ஆர்க் வெல்டிங் கண்ணாடி போதும்தானே?

பதில்: போதாது. பைபர் கதிர் 1,064 முதல் 1,080 நானோமீட்டர் வரை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நேராக விழித்திரையில் போய்க் குவியும். தெரியாத வெளிச்சத்துக்கு இமை மூடாது, விழித்திரைக்கு வலியும் தெரியாது.

ஓசூர் வாசகர்: இரண்டு வருடமாக அதைத்தான் போடுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: உங்கள் மேல் கோபமில்லை, பயம்தான். அந்தக் கருப்புக் கண்ணாடி, ஆர்க் வெளிச்சத்துக்காகச் செய்தது. லேசர் நேராக அடித்தால் தாங்குமா என்று யாரும் சோதித்துத் தருவதில்லை. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் பட்டுத் தெறித்தாலே போதும், கண் போய்விடும். முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் எனக்கு அப்படித்தான் ஆனது. இடது கண்ணால் மட்டும் படித்தால், பார்க்கிற எழுத்தை ஒரு சாம்பல் புள்ளி மறைக்கிறது. டாக்டர் சரியாகாது என்றுவிட்டார். கண்ணாடியில் உங்கள் லேசரின் அலைநீளமும், கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓடி (OD) எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். ஓடி 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். எவ்வளவு ஓடி வேண்டும் என்பது உங்கள் மெஷின் புத்தகத்தில் இருக்கும்.

தருமபுரி வாசகர்: ரெக்சின் வெட்டலாமா?

பதில்: பிவிசி கலந்திருந்தால் கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நெஞ்சை அறுக்கும், மெஷினின் ரெயிலும் துருப்பிடிக்கும். சந்தேகமென்றால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ரெக்சினில் தொட்டு, திரும்பத் தீயில் காட்டுங்கள். பச்சையாக எரிந்தால் மெஷினில் வைக்காதீர்கள்.

பாலக்கோடு வாசகர்: பைபர் மார்க்கிங் மெஷினுக்கு கூலிங் கிளாஸ் போதுமா?

பதில்: ஓசூர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காரிமங்கலம் வாசகர்: சிஓ2 கண்ணாடியையே பைபருக்கும் போடலாமா?

பதில்: கண்ணாடி பற்றி இது மூன்றாவது கேள்வி. எண்ணைப் பாருங்கள். 10,600 மட்டும் இருந்தால் போடக்கூடாது.

அரூர் வாசகர்: பிளைவுட் வெட்டவிட்டு சாப்பிடப் போகலாமா?

பதில்: வேண்டாம். ஒரு நிமிடத்தில் பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே இருங்கள், தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பென்னாகரம் வாசகர்: சிஓ2 மெஷினின் லேசர் டியூபை நானே மாற்றலாமா?

பதில்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கலாம். தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.