கல்யாணத் தேதியும் காணிப் பங்கும்

வாசகர் கேள்வி – பதில்: பெண்களின் சொத்துரிமை, அன்றும் இன்றும்

கேள்வி: எனக்கு 1986-ல் கல்யாணம் ஆனது. அப்பா 1998-ல் உயில் எழுதாமல் இறந்தார். பூர்வீக நிலம் 6 ஏக்கர், அண்ணன் தம்பி இருவர் அனுபவத்தில் இருக்கிறது. நான், தங்கை, அம்மா இருக்கிறோம். "1989-க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது, சட்டமே அப்படித்தான்" என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: ஒரு காலத்தில் உண்மை. இப்போது இல்லை. உங்கள் சகோதரர்கள் சொல்வது, இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தை. மகனைப் போலவே மகளும் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்காளி என்று அது சொன்னது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களை வெளியே நிறுத்திவிட்டது. அக்காவுக்கு 1986-ல் கல்யாணம், தங்கைக்கு 1990-ல் என்றால், ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருத்தி பங்காளி, இன்னொருத்தி விருந்தாளி.

2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்திய திருத்தம் இந்தத் திருமண நிபந்தனையை நீக்கியது. அதற்குப் பிறகும், "அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும்" என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் உங்களைப் போன்றவர்கள் மீண்டும் தடுக்கப்பட்டார்கள். 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதையும் மாற்றியது. உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா எப்போது இறந்தார் என்பது அதைத் தடுக்காது என்பது தீர்ப்பு. ஒரு தடை மட்டும் இன்னும் இருக்கிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்த பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ பாகம் பிரிந்திருந்தால், அல்லது நிலம் முறையாக விற்கப்பட்டிருந்தால், அதைத் திரும்பத் திறக்க முடியாது. "அப்பவே வாய்மொழியா பாகம் பிரிச்சுட்டோம்" என்று சொன்னால் மட்டும் போதாது. அதற்கு அரசு ஆவணங்களின் ஆதாரம் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். திருத்தங்களுக்கு முந்தைய 1956 வாரிசுரிமைச் சட்டப்படி முதலில் அப்பா, இரண்டு மகன்கள் என 3 பங்கு, தலைக்கு 2 ஏக்கர். அப்பாவின் 2 ஏக்கர் மட்டும் அம்மா உட்பட ஐந்து பேருக்குப் பிரியும். ஆக மகன் ஒவ்வொருவருக்கும் 2 ஏக்கர் 40 சென்ட், மகளுக்கு 40 சென்ட். இப்போது அப்பாவும் நான்கு பிள்ளைகளும் சமப் பங்காளிகள், தலைக்கு 1 ஏக்கர் 20 சென்ட். அப்பாவின் 1 ஏக்கர் 20 சென்ட் ஐந்து பேருக்கு 24 சென்ட் வீதம். எனவே உங்களுக்கு 1 ஏக்கர் 44 சென்ட் வரும்.

அம்மாவின் பங்கையும் கவனியுங்கள்: 40 சென்டிலிருந்து 24 சென்டாகக் குறைந்துவிட்டது. மகள் பங்காளி ஆனாள், மனைவி ஆகவில்லை. வயதான தாயை யார் வைத்துக்கொள்வது என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

இன்னொன்று, "பூர்வீகம்" என்று ஊரில் சொல்வதெல்லாம் சட்டத்தில் பூர்வீகம் அல்ல. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்த நிலத்தை வைத்துவிட்டு 1956 ஜூன் 17-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், அது உங்கள் அப்பா கைக்கு வரும்போது அவருடைய தனிச்சொத்து. அப்படியானால் அவருக்குப் பின் அம்மா, நான்கு பிள்ளைகள் எல்லோருக்கும் தலைக்கு 1 ஏக்கர் 20 சென்ட். தாத்தாவின் இறப்புத் தேதியை முதலில் கண்டுபிடியுங்கள்.

கேள்வி: 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சட்டம் வர 60 ஆண்டு ஆனது ஏன்?
– கல்லூரி மாணவி, விழுப்புரம்

பதில்: நடுவில் பலமுறை வாசல்வரை வந்து திரும்பிப் போனது, அதனால்தான். 1937 சட்டம் விதவைக்குக் கணவன் பங்கைக் கொடுத்தது, ஆயுள்வரை அனுபவிக்க மட்டும். விற்க, எழுதிவைக்க முழு அதிகாரம் இல்லை. மகளை அது தொடவேயில்லை. பிறகு இந்து சட்டத்தைத் தொகுக்க அமைத்த பி.என். ராவ் குழு, அதன்பின் அம்பேத்கர் கொண்டுவந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா. ஆண்களுக்கு மட்டும் பிறப்பால் பங்கு தரும் கூட்டுக்குடும்ப முறையையே நீக்கி, மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு தர அந்த மசோதா முனைந்தது. அரசியல் நிர்ணய சபையில் துர்காபாய், அம்மு சுவாமிநாதன், ரேணுகா ரே போன்ற பெண் உறுப்பினர்கள் ஆதரித்துப் பேசினார்கள். எதிர்ப்பு கட்சிக்கு உள்ளேயும் வெளியேயும் பலமாக இருந்தது. மசோதா கிடப்பில் போடப்பட்டது. 1951 செப்டம்பரில் அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு விலக அது ஒரு முக்கியக் காரணம்.

அதன்பின் மசோதாவை நான்காக உடைத்து 1955, 1956-ல் நிறைவேற்றினார்கள். வாரிசுரிமைச் சட்டத்தில் ஆண்களின் பிறப்புரிமை அப்படியே தங்கிவிட்டது. கூடவே 23-வது பிரிவு என்று ஒன்று: குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளத் தீர்மானிக்கும்வரை அவள் கேட்கக்கூடாது. கணவனை இழந்தோ பிரிந்தோ வந்தால் தங்கிக்கொள்ளலாம். 2005 வரை அது சட்டம். "பொறந்த வீட்டுல ஒரு ரூம் இருக்கும்மா, எப்ப வேணா வா" என்ற பேச்சு அந்தப் பிரிவின் வீட்டுமொழி என்றே சொல்வோம்.

மாநிலங்களில் முதலில் கேரளம் 1975-ல் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. ஆந்திரம் 1980-களின் நடுவில் மகளைப் பங்காளி ஆக்கியது. அதைத் தொடர்ந்தது தமிழ்நாடு. நம் ஊரில் "பங்காளி" என்றால் ஆண்வழி உறவு என்று மட்டுமே பொருள். அந்தச் சொல்லுக்குள் மகளையும் கொண்டுவந்தது சிறிய காரியம் அல்ல.

எதிர்ப்பில் அன்று சொன்ன காரணம் இன்றும் காதில் விழுகிறது: "பெண்ணுக்குக் கொடுத்தால் நிலம் துண்டு துண்டாகிவிடும்." ஐந்து மகன்கள் உள்ள வீட்டில் இதை யாரும் சொல்வதில்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் சாகுபடி நில அலகுகளில் பெண்கள் நடத்தியவை சுமார் 14 சதவீதம். சட்டம் வந்தும் நிலம் வரவில்லை.

கேள்வி: எங்கள் ஊர் ராணிகளின் வீரம் எல்லோருக்கும் தெரியும். சாதாரணப் பெண்களின் உரிமைக்கு அந்த வரலாற்றால் ஏதாவது பயன் உண்டா?
– வாசகர், சிவகங்கை

பதில்: நேரடியாகவே உண்டு. காத்தம நாச்சியார் பெயரை உங்கள் ஊரிலேயே இன்னும் அதிகம் சொல்ல வேண்டும். 1801-ல் கம்பெனி அரசு கௌரி வல்லப உடையணத் தேவருக்குச் சிவகங்கை ஜமீனை வழங்கியது. 1829-ல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். சகோதரர் வழி ஆண்கள், "இது பிரியாத குடும்பம், ஆகவே ஜமீன் எங்களுக்கே" என்று எடுத்துக்கொண்டார்கள். மனைவியரும் பின்னர் மகள் காத்தம நாச்சியாரும் வழக்காடினார்கள். மதுரையில் தொடங்கியது அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863-ல் மகள் பக்கம் தீர்ந்தது. குடும்பம் பிரியாமல் இருந்தாலும், ஒருவர் தனியாகச் சம்பாதித்த சொத்து அவருடைய மனைவிக்கும் மகளுக்குமே போகும், சகோதரர் வழி ஆண்களுக்கு அல்ல என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன அருணாசல கவுண்டர் வழக்கில் 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தபோது இந்தப் பழைய தீர்ப்பும் எடுத்துப் பேசப்பட்டது. 1956-க்கு முன் இறந்தவராக இருந்தாலும் அவர் தானே சம்பாதித்த சுயார்ஜிதச் சொத்தில் சகோதரரின் பிள்ளைகளைவிட மகளுக்கே முன்னுரிமை என்று முடிவானது. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மறுத்த உரிமை அது.

கேள்வி: பங்கு கேட்பது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? செலவு தாங்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சண்டைக்கு முன் காகிதம். வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து வாங்குங்கள். இ-சேவை மையத்தில் போடலாம். ஏற்கெனவே சகோதரர்கள் வாங்கியிருந்தால் அதன் நகலைப் பாருங்கள். மகள்கள் பெயரை விட்டுவிட்டு வாங்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் முதல் தவறு. விடுபட்டிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அடுத்து மூலப்பத்திரத்தின் சான்றிட்ட நகல், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா. வில்லங்கச் சான்றை முடிந்தவரை பின்னோக்கிப் போடுங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். 2004-க்கு முந்தைய பாகப்பிரிவினை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பது இதில்தான் தெரியும். பட்டா அண்ணன் பெயரில் மாறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான், உரிமையைத் தீர்மானிக்கும் ஆவணம் அல்ல. ஆனால் அப்படியே விட்டுவைக்காதீர்கள்; அதைக் காட்டித்தான் விற்பனை நடக்கும்.

பிறகு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு. பேசி முடிந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்யுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால், 2023 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதுவும் ஒரு பங்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். வெறும் பத்திரத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்ட பாகத்தை நம்பாதீர்கள்.

பேச்சு முறிந்தால் பாகப்பிரிவினை வழக்கு. எல்லா வாரிசுகளையும் எல்லாச் சொத்துகளையும் சேர்க்க வேண்டும். ஒரு சர்வே எண் விடுபட்டாலும் அதையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். விற்பனைக்கு இடைக்காலத் தடையும் சேர்த்துக் கேளுங்கள். முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது உங்கள் பங்கு எத்தனையில் ஒன்று என்று மட்டுமே சொல்லும். வழக்கறிஞர் ஆணையர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை வந்த பிறகே எந்தத் துண்டு உங்களுடையது என்று ஆகும்.

செலவு: 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். காலம்: உங்களுக்குப் பங்கே இல்லை என்று வெளிப்படையாக மறுத்தது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு என்ற வாதம் வரும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 60 பவுன் போட்டுச் சீர் செய்தார்கள். "வங்கிக் கடனுக்கு" என்று சொல்லி ஒரு பத்திரத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். உரிமை போய்விட்டதா?
– வாசகி, கோவை

பதில்: சீரால் போகாது. எத்தனை பவுன் போட்டாலும் அது பங்குக்கு ஈடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கையெழுத்து வேறு விஷயம். அது பங்கை விட்டுக்கொடுக்கும் பதிவான விடுதலைப் பத்திரமா, உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரமா என்று உடனே நகல் எடுத்துப் பாருங்கள். விடுதலைப் பத்திரம் என்றால் சொத்து விவரப் பகுதியைப் படியுங்கள். அதில் எழுதிய சர்வே எண்களுக்கு மட்டுமா, "இதர சொத்துகள்" என்றும் இருக்கிறதா? பெற்றுக்கொண்டதாக எழுதிய தொகை உண்மையில் கைக்கு வந்ததா? ஏமாற்றி வாங்கியது என்றால் ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள். அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருடைய சுயார்ஜிதச் சொத்தில் "வரப்போகும் பங்கை" விட்டுக்கொடுத்து எழுதியிருந்தால், இல்லாத உரிமையை விட முடியாது என்று வாதிடலாம். அதற்குப் பணம் வாங்கியிருந்தால் அந்த வாதம் பலவீனமாகும். பவர் பத்திரம் என்றால் அதை ரத்து செய்யும் பத்திரத்தை இந்த வாரமே பதிவு செய்ய முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சீதனமாகக் காணியும் வீடும் பெண்ணுக்கே போகிறது. அப்படியென்றால் எங்கள் பெண்கள் தமிழ்நாட்டுப் பெண்களைவிட முன்னேறியவர்கள்தானே?
– வாசகர், கொழும்பு

பதில்: பாதி சரி. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் 1707-ல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, தாய்வழிச் சீதனத்தை மகளுக்கு, தந்தைவழிப் பரம்பரைச் சொத்தான முதுசத்தை மகனுக்கு என்று பிரித்தது. கையில் நிலம் இருப்பது பெரிய பலம். ஆனால் 1911-ன் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போன பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை என்பதைப் போருக்குப் பிந்தைய வடக்கு அறியும். சொந்தம் அவளுடையது, கையெழுத்து அவனுடையது என்றால் அது முழு உரிமை அல்ல.

கேள்வி: எனக்கு ஒரு மகன், ஒரு மகள். நான் வாங்கிய வீட்டு மனையை மகளுக்குக் கொடுக்க நினைக்கிறேன். உயிலா, செட்டில்மெண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், உங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள், சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். பின்னாளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். செட்டில்மெண்ட் எழுதினால் அன்றே மகளுடையது, சாதாரணமாகத் திரும்பப் பெற முடியாது. அதில் உங்களுக்கும் மனைவிக்கும் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையையும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதிக்கொள்ளலாம். மகன் பின்னால் தகராறு செய்வான் என்ற ஐயம் இருந்தால் செட்டில்மெண்டே நல்லது. பதிவான கையோடு பட்டாவையும் வீட்டு வரியையும் மகள் பெயருக்கு மாற்றி, மூலப்பத்திரத்தையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள்.