பழைய லேப்டாப், புதிய விண்டோஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. கம்பெனிகள் கழித்துக்கட்டிய லேப்டாப்கள் கடைகளுக்கு வந்தபடியே இருக்கின்றன. கேள்விகளும் அப்படித்தான். இந்த முறை பழைய லேப்டாப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கடைக்காரர் "ஃபார்மட் பண்ணி, ஒரிஜினல் விண்டோஸ் போட்டாச்சு சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் மறுபடியும் போட வேண்டுமா? (மதுரை வாசகர்)

போடுங்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரே பென்டிரைவை வைத்து நூறு லேப்டாப்புக்கு விண்டோஸ் போடும் இடத்தில், அந்தப் பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கக்கூடும். முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய்ப் பாருங்கள். "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று இருந்தால் நல்ல அறிகுறி. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்" என்ற பொருளில் ஏதாவது இருந்தால் விஷயம் வேறு. நீங்கள் எந்த நிறுவனத்திலும் இல்லை, ஆக அது பெரும்பாலும் கிராக் வேலைதான். அந்த மாதிரி ஆக்டிவேட்டர்கள் ஓடுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்து வைப்பதும் உண்டு. அதே லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறவர் நீங்கள்.

நம்பிக்கையான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றிக்கொள்ளுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். பிறகு லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. செட்டப்பில் ப்ராடக்ட் கீ கேட்டால் "என்னிடம் இல்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, விண்டோஸோடு விற்ற பிராண்ட் லேப்டாப்களில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே எடிஷனைப் போட்டால், நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். லைசென்ஸ் ஹோமுக்கு இருக்க, கடையில் ப்ரோ போட்டிருந்தால் குட்டு இங்கேதான் உடையும்.

வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில்தான் பலர் தயங்கிவிடுகிறார்கள். 100 எம்பி, 16 எம்பி, 500 எம்பி என்று குட்டிக் குட்டியாக வரிசை கட்டி நிற்கும். பெரியதை மட்டும் ஃபார்மட் செய்து மேலே போகாதீர்கள். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் டெலீட் செய்து, "அன்அலொகேட்டட் ஸ்பேஸ்" என்ற ஒரே வரி மிஞ்சும்வரை போங்கள். அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால், வேண்டிய பார்ட்டிஷன்களை விண்டோஸே பிரித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: இரண்டு வட்டு உள்ள லேப்டாப் என்றாலோ வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தாலோ, எந்த வட்டு எது என்று அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வெளி டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுவது உத்தமம்.

செட்டிங்ஸில் இருக்கும் ரீசெட் போதாதா? (தஞ்சாவூர்)

உங்கள் சொந்த லேப்டாப் என்றால் போதும். அடுத்தவர் கைமாறி வந்ததற்குப் போதாது. "லோக்கல் ரீஇன்ஸ்டால்" என்று கொடுத்தால், வட்டில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளிலிருந்துதான் அது விண்டோஸை மறுபடி கட்டும். சந்தேகமே அந்தக் கோப்புகளின் மேல்தானே?

நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். வைஃபையில் இணைத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து, அவர்களுடைய மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கேட்கிறது. மறுபடி ஃபார்மட் செய்தும் போகவில்லை. (திருப்பூர்)

எத்தனை முறை செய்தாலும் போகாது. அந்தப் பூட்டு வட்டில் இல்லை. அந்தக் கம்பெனி உங்கள் லேப்டாப்பின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் பதிந்து வைத்திருக்கிறது. விண்டோஸ் முதல்முறை நெட்டுக்குள் வரும்போது "நான் யாருடையவன்?" என்று கேட்கிறது, அங்கிருந்து பதில் வருகிறது. பதிவை நீக்க அந்தக் கம்பெனியின் ஐடி பிரிவால்தான் முடியும். முறையாக ஏலத்தில் விட்டுவிட்டுப் பட்டியலிலிருந்து எடுக்க மறந்திருக்கலாம். திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். எதுவானாலும், பில்லோடு கடைக்குப் போய், "கம்பெனியில் சொல்லி ரிலீஸ் வாங்கித் தாங்க, இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாங்க" என்று கேளுங்கள். நெட் இல்லாமல் செட்டப் செய்து தப்பிக்கும் குறுக்குவழிகள் இணையத்தில் கிடைக்கும். அடுத்த முறை விண்டோஸ் போடும்போது பழைய வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: காசு கொடுப்பதற்கு முன்பே, கடையில் உட்கார்ந்து மூன்றைப் பார்த்துவிடுங்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் போக முடிகிறதா? டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. பயாஸின் செக்யூரிட்டி பகுதியில் "கம்ப்யூட்ரேஸ்" அல்லது "அப்சொல்யூட்" என்று ஒன்று இருந்தால், அது ஆக்டிவேட் ஆன நிலையில் இருக்கிறதா? ஆகியிருந்தால், வட்டையே மாற்றினாலும் அந்தக் கண்காணிப்பு மென்பொருள் விண்டோஸுக்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது, ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் திரையில் கம்பெனிப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். ரீசெட்டுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கவும் மறக்காதீர்கள்.

விண்டோஸ் 11 செட்டப்பில் வட்டே காட்டவில்லை. எஸ்எஸ்டி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் சர்வீஸ் செய்பவர். (ஈரோடு)

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். உங்களுடையது இன்டெல் 11-ஆம் தலைமுறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற கன்ட்ரோலர் வழியாகத்தான் எஸ்எஸ்டி (சுழலாத, சிப் வகை வட்டு) பேசும். அதற்கான டிரைவர் செட்டப் பென்டிரைவில் இல்லாவிட்டால் வட்டு கண்ணில் படாது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்குங்கள். இஎக்ஸ்இ கோப்பாக வந்தால் அப்படியே பென்டிரைவில் போட்டுப் பயனில்லை. பிரித்து, ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் ஃபோல்டரைப் போட வேண்டும். பிறகு அதே திரையில் "லோட் டிரைவர்" கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் வட்டு வந்துவிடும்.

இன்னொரு வழி, பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது. விண்டோஸ் போடுவதற்கு முன்பே அணைக்க வேண்டும். போட்ட பிறகு மாற்றினால் பூட் ஆகாமல் நின்றுவிடலாம். ஏசர் லேப்டாப்கள் சிலவற்றில் இந்த அமைப்பு ஒளிந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும். இதையெல்லாம் செய்தும், பயாஸிலேயே எஸ்எஸ்டியின் பெயர் தெரியவில்லை என்றால், சரி, உங்கள் சர்வீஸ்காரர் சொன்னதைக் கேளுங்கள்.

செட்டப்பில் வைஃபையே காட்டவில்லை. நெட் இல்லாமல் மேலே போகவும் விடவில்லை. (நாகர்கோவில்)

ஆண்ட்ராய்டு ஃபோனை டேட்டா கேபிளில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப் அதை லேன் கேபிளாகவே எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட் ஓடவிட்டால், வைஃபை டிரைவர் பெரும்பாலும் அதுவாகவே வரும்.

என் லேப்டாப்பை விற்கப் போகிறேன். குடும்பப் படங்கள், பான், ஆதார் நகல் எல்லாம் இருந்தன. அழித்ததை மீட்கவே முடியாதபடி 35 முறை அழிக்க வேண்டும் என்கிறார்களே? (சேலம் வாசகி)

அந்த 35, பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் புழங்கிய பலவகை ஹார்ட் டிஸ்குகளுக்கும் சேர்த்து அவர் போட்ட கணக்கு அது. இன்றைய டிஸ்குகளுக்கு அத்தனை முறை தேவையில்லை என்று அவரே பின்னால் எழுதிவிட்டார். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், முழுதாக ஒருமுறை மேலெழுதினால் போதும். ரீசெட் செய்யும்போது "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்து, "கிளீன் டேட்டா" என்பதையும் ஆன் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகும், சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

எஸ்எஸ்டிக்கு இந்த மேலெழுதும் வேலை சரிவராது. தேய்மானத்தைப் பரப்புவதற்காக, எழுதச் சொன்ன இடத்தை விட்டு வேறு இடத்தில் எழுதும் பழக்கம் அதற்கு உண்டு. அதனால் பழைய துண்டுகள் சில அப்படியே தங்கலாம். எஸ்எஸ்டிக்குள்ளேயே "எல்லாவற்றையும் அழி" என்ற கட்டளை இருக்கிறது. டெல் லேப்டாப்கள் பலவற்றின் பயாஸில் "டேட்டா வைப்" என்றும், ஹெச்பியின் தொழில்முறை மாடல்களில் "செக்யூர் இரேஸ்" என்றும் அதைப் பார்க்கலாம். அப்படி எதுவும் இல்லாத லேப்டாப்பா? சாவியில்லாமல் படிக்க முடியாதபடி வட்டை மாற்றிவைக்கும் (என்க்ரிப்ட் செய்யும்) விண்டோஸ் வசதியான பிட்லாக்கரையோ "டிவைஸ் என்க்ரிப்ஷன்" என்பதையோ ஆன் செய்து, வட்டு முழுவதும் என்க்ரிப்ட் ஆகி முடிந்த பிறகு ரீசெட் செய்யுங்கள். சாவி போனபின் மிஞ்சுவது வெறும் குப்பை எழுத்துகள்தான்.

அப்புறம், விற்ற கையோடு உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைஸ் பட்டியலிலிருந்தும் அந்த லேப்டாப்பை நீக்கிவிடுங்கள்.

6-ஆம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 போடலாமா? (யாழ்ப்பாணம்)

மைக்ரோசாஃப்டின் பட்டியல் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ரூஃபஸ் மாதிரியான கருவிகளால் சோதனையைத் தாண்டிப் போடலாம்தான். ஆனால் அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை. 4 ஜிபியில் அது ஊர்ந்துதான் போகும். நானாக இருந்தால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவேன். 2029 வரை ஆதரவு உண்டு. பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு, வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு வட்டில் நிறுவலாம். லினக்ஸில் தட்டச்சு முறைகளைக் கவனிக்கும் ஐபஸில் எம்17என் என்ற மொழித் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள்; ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். இந்த இரண்டும் எந்த இயங்குதளத்துக்கும் நல்லது.

பழைய மேக்புக்? (கோவை)

விற்பவர் உங்கள் எதிரிலேயே ஐகிளவுடிலிருந்து வெளியேறி, ஃபைண்ட் மையை அணைக்க வேண்டும். 2018-க்குப் பிறகு வந்த மாடல்களில் டி2 என்ற பாதுகாப்புச் சிப்போ ஆப்பிளின் சொந்தப் பிராசசரோ உண்டு. ஆக்டிவேஷன் லாக் விழுந்திருந்தால், உரிமையாளரின் பாஸ்வேர்டு இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. "பாஸ்வேர்டு அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்" என்று சொன்னால் வாங்காதீர்கள்.

எல்லாம் சரியாகப் போட்டாச்சு. ஆனால் இரண்டு நாள் சார்ஜ் போடாமல் வைத்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, எந்த வலைத்தளமும் திறக்கவில்லை. (கும்பகோணம்)

விண்டோஸ் மேல் தப்பில்லை. மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், அதனால்தான் திறக்க மறுக்கிறது. பல மாடல்களில் சிஆர்2032 செல்தான், சிலவற்றில் ஒயரோடு சுற்றி வரும். பழையதைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டி, அதே மாதிரி வாங்குங்கள்.