இடுப்பில் துப்பாக்கி, கையில் காய்கறிப் பை

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மகன் காய்கறி வாங்கப் போனாலும் இடுப்பில் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு போகிறான். "இங்கே லைசென்ஸே வேண்டாம்ப்பா. நாலு பேர் கையில் துப்பாக்கி இருந்தால் திருடனுக்குத்தான் பயம்" என்கிறான். அவன் சொல்வது சரிதானே?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: லைசென்ஸ் விஷயம் சரி. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர், வேறு சட்டத் தடை இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். அதற்கு முன்பு வகுப்பில் உட்கார்ந்து, சுட்டும் காட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் போய்விட்டது. இப்போதும் கடைக்காரர் 'துப்பாக்கியோடு வராதீர்கள்' என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஓரங்குல எழுத்தில் பலகை மாட்டினால் கொண்டுபோகக் கூடாது. எழுத்தின் உயரம் வரை சட்டத்தில் எழுதிய ஊர் அது!

"திருடனுக்குத்தான் பயம்" என்பதுதான் இடிக்கிறது. உங்கள் மகன் பக்கமும் சாட்சி உண்டு, மறைக்க மாட்டேன். 2022 ஜூலையில் இந்தியானா மாநிலம் கிரீன்வுட்டில், ஒரு மாலில் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றவனை, துப்பாக்கி வைத்திருந்த 22 வயது இளைஞர் சில நொடிகளில் வீழ்த்தினார்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு கொலராடோவின் அர்வாடாவில் நடந்ததையும் உங்கள் மகன் கேட்க வேண்டும். அங்கே ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனை இதே மாதிரி ஒருவர் சுட்டு வீழ்த்தினார். கொலைகாரனின் துப்பாக்கியை அவர் கையில் எடுத்திருந்த நேரத்தில் இன்னொரு போலீஸ்காரர் வந்தார், இவரைத்தான் கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். காப்பாற்ற வந்தவர் செத்துப்போனார். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? 2016இல் டல்லாஸில் ஐந்து போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இரவில், சட்டப்படி துப்பாக்கி ஏந்தி ஊர்வலத்தில் வந்த ஒரு கறுப்பினத்தவரின் படத்தைப் போலீசாரே 'சந்தேக நபர்' என்று வெளியிட்டார்கள். அப்புறம்தான் அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. நம் பிள்ளைகளின் நிறத்தையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, நல்ல பயிற்சி இருந்தால்? டெக்சாஸிலேயே உவால்டியில், 2022 மே மாதம், துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்த பள்ளிக்கு 376 காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. திருடனே வராத வீடுகள் அவை.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. மகன் கிரீன் கார்டு வாங்கிவிட்டாரா, இன்னும் எச்-1பி விசாவில்தான் இருக்கிறாரா? எச்-1பி என்றால், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். மேலே 'வேறு சட்டத் தடை' என்றேனே, அதில் இதுவும் சேர்த்தி. இன்று ராத்திரியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.