கிலோ வேறு, லிட்டர் வேறு: ஒரு எண்ணெய்க் கணக்கு

கேள்வி: செக்கில் கடலை எண்ணெய் கிலோ 280 ரூபாய்க்கு வாங்குகிறேன். பக்கத்து மளிகைக் கடையில் லிட்டர் 260 ரூபாய்தான். செக்கில் 20 ரூபாய் கூடக் கொடுக்கிறேனா? போன முறை 5 கிலோ வாங்கியபோது 5 லிட்டர் கேன் நிறைந்த பிறகும் எண்ணெய் மிச்சம் இருந்தது. எடை போட்டதில் தவறா?

பதில்: எடையில் தவறில்லை. கூடவும் கொடுக்கவில்லை. நீங்கள் சொன்ன விலைப்படி செக்கு எண்ணெய்தான் மலிவு.

ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ என்பது தண்ணீருக்குச் சரி. எண்ணெய் தண்ணீரில் மிதக்கிற பொருள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அதாவது அடர்த்தி 0.91. லிட்டரைக் கிலோவாக்க 0.91ஆல் பெருக்குங்கள், கிலோவை லிட்டராக்க 0.91ஆல் வகுங்கள். 5 கிலோவை வகுத்தால் 5.49 லிட்டர் வருகிறது. கேனில் அடங்காத அரை லிட்டர் இதுதான். அடுத்த முறை நாலரை கிலோ வாங்கினால் 4.95 லிட்டர், அதே கேனில் அடங்கிவிடும்.

விலைக்கு வருவோம். ஒரு லிட்டர் என்பது 0.91 கிலோ. 280ஐ 0.91ஆல் பெருக்கினால் 254 ரூபாய் 80 காசு. கடையில் 260. பலர் இந்த இடத்தில் வகுத்துவிட்டு, லிட்டர் 308 ரூபாய் ஆகிறதே என்று செக்குக்காரரைத் திட்டுவார்கள். ஒரு லிட்டரில் ஒரு கிலோவுக்கும் குறைவான எண்ணெய்தான் இருக்கிறது, அப்புறம் அதன் விலை மட்டும் எப்படிக் கூடும்? விடை வந்ததும் இப்படி ஒரு தரம் யோசித்துப் பார்த்தால் போதும், சூத்திரம் மறந்தாலும் பாதகமில்லை.

0.91ஐ நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலறை டிஜிட்டல் தராசும் ஒரு காலி பாட்டிலும் இருந்தால் சரி. காலி பாட்டில் 40 கிராம் என்று வையுங்கள். கழுத்துவரை தண்ணீர் நிரப்பினால் 560, ஆகவே தண்ணீர் 520 கிராம். பாட்டிலைக் கொட்டி, ஈரமில்லாமல் காயவைத்து, அதே மட்டத்துக்கு எண்ணெய் ஊற்றினால் 515 காட்டுகிறது, எண்ணெய் 475. 475ஐ 520ஆல் வகுத்தால் 0.913. இதில் ஒரு வசதி, பாட்டிலின் கொள்ளளவு தெரியவே வேண்டாம். அரை லிட்டர் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றினால் அரை லிட்டருக்கு மேலேயே பிடிக்கும், ஆகவே அதன் மேல் அச்சிட்ட அளவை வைத்துக் கணக்குப் போட்டால் பிசகும்.

எண்ணெய் சூட்டில் விரியும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம், 60 டிகிரியில் 893 கிராம்கூட இல்லை. சில நிறுவனங்கள் பாக்கெட்டில் 60 டிகிரி வரை வெப்பநிலையைக் குறிப்பிட்டு, குறைந்த எடையை ஒரு லிட்டர் என்று விற்றன. அதனால்தான் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கன அளவோடு எடையையும் அச்சிடச் சொன்னது. பாக்கெட் வாங்கும்போது நான் கிராமைத்தான் முதலில் பார்ப்பேன். 850 மில்லியும் 800 கிராமும் ஒரே அலமாரியில் நிற்கிற காலம் இது. 850ஐ 0.91ஆல் பெருக்கினால் 773 கிராம்தான், எண்ணில் சின்னதாகத் தெரியும் 800 கிராம் பாக்கெட்டில்தான் எண்ணெய் கூடுதல்.

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்க்கு 0.92 வைத்துக்கொள்ளலாம். பாலும் தேனும் எதிர்ப்பக்கம்: ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ, தேன் 1.4 கிலோ. தேனைக் கிலோ கணக்கில் வாங்கி அரை லிட்டர் பாட்டிலில் அடைக்கப் போகிறவர்கள், ஒரு பாட்டிலுக்கு 700 கிராம் பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.