குடியை விட்டவர்களின் கூட்டம்: மலையகத்தில் எங்கே தேடுவது?

கேள்வி: ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 41 வயது. குடியை நிறுத்திய இரண்டாம் நாள் வலிப்பு வந்து, ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். குடிக்காமல் ஒரு மாதம் ஓடிவிட்டது. குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போனால் நல்லது என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார். எங்கே, யாரிடம் கேட்பது? லயத்து வரிசை வீடுகளில் நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்கிறார் இவர்.

பதில்: டாக்டர் சொன்னது பெரும்பாலும் ஏஏ கூட்டமாக இருக்கும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம். 1935இல் அமெரிக்காவில், குடியால் நொந்துபோன ஒரு பங்குத் தரகரும் ஒரு வைத்தியரும் சேர்ந்து தொடங்கியது. கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் கேட்க மாட்டார்கள்.

தேட வேண்டிய முதல் இடம் நீங்கள் ஏற்கெனவே போகும் கிளினிக்தான். வரிசையில் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு டாக்டரால் விவரம் சொல்ல முடியாது. மனநல கிளினிக்கில் உள்ள தாதியிடமோ சமூக சேவை உத்தியோகத்தரிடமோ தனியாகக் கேளுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட, நுவரெலியா மாவட்ட வைத்தியசாலை அடுத்தது. எந்த ஊரில் யார் கூட்டம் நடத்துகிறார்கள் என்பது இவர்கள் காதில் விழாமல் இருக்காது. அங்கே பதில் கிடைக்காவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இரண்டுக்கும் போன் செய்யலாம். தமிழில் பேச வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தவுடன் பஸ் ஏறிவிடாதீர்கள். நடத்துபவரிடம் முதலில் பேசுங்கள். எந்த மொழியில் நடக்கிறது, எத்தனை மணிக்கு முடிகிறது, உங்கள் தோட்டத்துக்கான கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று கேளுங்கள். மொழிதான் இதில் முக்கியம். கடைத்தெருவில் சமாளிக்கிற சிங்களம் வேறு, மனதில் இருப்பதைக் கொட்டுகிற மொழி வேறு. நகரத்தில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கிற பெரிய கூட்டத்தைவிட, தமிழில் மூன்று பேர் உட்கார்ந்து பேசுகிற கூட்டம் இவருக்கு உதவும் என்பது என் எண்ணம். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்த கூட்டம் என்றால் நீங்களும் கூடப் போகலாம். மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும்.

பக்கத்தில் தமிழ்க் கூட்டம் இல்லையா? தமிழ்நாட்டில் ஏஏ பல ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. இணையம் வழியாகவும் தமிழில் கூடுகிறார்கள். இந்தியாவுக்கும் நமக்கும் நேரம் ஒன்றுதான் என்பதால் நடுராத்திரியில் விழித்திருக்கத் தேவையில்லை. கேமராவை அணைத்துவிட்டு, இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கலாம். ஆனால் லயத்துச் சுவருக்குக் காது உண்டு. சிக்னல் கிடைக்கிற மேட்டுப் பக்கம் தனியாகப் போய் உட்கார்ந்தால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

மானம் விஷயத்துக்கு வருவோம். இவர் குடித்தது தோட்டத்துக்கே தெரியும். விட்டது தெரிந்தால் மானம் போவதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் இதைச் சொல்லி அவரோடு வாதாட வேண்டாம். பயம் பயம்தான். கூட்டத்தில் முதல் பெயர் மட்டும்தான் சொல்வார்கள், அதையும் மாற்றிச் சொன்னால் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. ஒருவர் "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைப் பேசுவார். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். உங்கள் கணவர் முறை வரும்போது "இன்றைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்றால் அடுத்தவரிடம் போய்விடும். கடைசியில் ஒரு பெட்டி சுற்றி வரும், வாடகைக்கும் தேநீருக்கும். போடாவிட்டாலும் பரவாயில்லை. கடவுள் பேச்சு கொஞ்சம் வரும், ஆனால் எந்த மதத்தோடும் தொடர்பு இல்லை. அவரவர் சாமியை அவரவர் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூட்டம் மருந்துக்கு மாற்று இல்லை. கிளினிக்கில் தந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. ஒருவேளை அவர் மறுபடி தொடர்ந்து குடித்துவிட்டால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். நிறுத்தி சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாதது தெரிவதும் பிதற்றுவதும் வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ்தான். அப்புறம், அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லி யாராவது பவுடர் விற்றால் வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. குடியை வெறுக்க வைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரைகூட, தெரியாமல் எடுத்தவர் அதன் மேல் குடித்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

குடிப்பவரின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் உண்டு, 1951இல் தொடங்கியது. விசாரிக்கும்போது அதையும் விசாரியுங்கள். அவரை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். இத்தனை வருஷம் நீங்கள் பட்டதைப் பேசலாம்.

எதுவுமே அமையாவிட்டால்? ஏஏ வழக்கப்படி குடியை விட நினைக்கும் இரண்டு பேர் அதற்காகச் சேர்ந்தாலே அது ஒரு கூட்டம். கிளினிக்குக்கு வருகிற இன்னொருவர் சம்மதித்தால் அறிமுகப்படுத்தி வைக்கும்படி தாதியிடம் கேட்டுப் பாருங்கள். இருவரும் முதலில் சந்திக்கும் நாளைச் சம்பள நாள் மாலையாக வைத்துக்கொள்ளலாம். பத்தாம் திகதியை ஒட்டி, கையில் காசோடு தவறணை வழியாக வீடு திரும்புகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவருக்குப் பக்கத்தில் ஆள் தேவை.