கரிசலில் இறங்கிய லாரிக்குச் சங்கிலி கட்டலாமா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கமிருந்து இதே கேள்விகள்தான் வரும். லாரி ஓட்டிப் பழகிய வகையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, ஜல்லி இறக்கப் போன வண்டி புதைந்துவிட்டது. பின்னால் இடது சக்கரம் மட்டும் சுற்றுகிறது, வலது அசையவே இல்லை. ஆக்சில் போய்விட்டதா?

ஆக்சிலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது தம்பி. வளைவில் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் உருள வேண்டும் என்றுதான் ஆக்சில் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டை வைத்திருக்கிறார்கள். சேற்றில் அதுவே வினை. வழுக்குகிற சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு விசை போதுமோ, அவ்வளவுதான் மறுபக்கத்துக்கும் போகும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் டிஃப் லாக் உள்ள வண்டி என்றால், சக்கரத்தை நிறுத்திவிட்டுப் போடுங்கள். சுற்றும்போது போட்டால் பல் தெறிக்கும்.

டயரில் சங்கிலி கட்டினால் ஏறிவிடுமா?

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். டிஃபரன்ஷியல் குடம் மண்ணில் உட்கார்ந்திருந்தால் சங்கிலி இன்னும் ஆழமாகக் குழிதான் பறிக்கும். மண்வெட்டிதான் முதல் வேலை. குடத்தின் அடியைத் தோண்டி, சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டி, பனை மட்டையோ ஜல்லியோ போடுங்கள்.

கரிசல் ஈரத்தில் உப்பி, டயர் பட்டனையெல்லாம் அடைத்து மொழுக்கென்று ஆக்கிவிடும். டயருக்குக் குறுக்கே போகும் சங்கிலி அந்த மண்ணை வெட்டிப் பிடிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. இஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகு கையை உள்ளே விடுங்கள். சக்கர டிஸ்க்கில் இருக்கும் ஓட்டை வழியாகச் சங்கிலியை நுழைத்து மூன்று நான்கு இடத்தில் இறுக்கிக் கட்டி, பிரேக் குழாயில் உரசாதா என்று பாருங்கள். இஞ்சின் சக்தி போகும் சக்கரங்களில், இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். ஒருமுறை அவசரத்தில் நான் வலது பக்கம் மட்டும் கட்டினேன். கட்டாத இடது பக்கம் விடிய விடியச் சுற்றியது!

அப்புறம், முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் நகர்த்துங்கள். ஒரு சுற்று சுற்றியும் வண்டி நகரவில்லையா, நிறுத்திவிட்டு மறுபடி தோண்டுங்கள்.

மாட்டுச் சங்கிலி இருக்கிறது, போதுமா?

மாட்டுக்குப் போதும். லாரிக்கு, கண்ணி பற்றவைத்து மூடிய கனமான சங்கிலி வேண்டும்.

ஆப்பிள் ஏற்றக் காஷ்மீர் போகிறோம். இதே கட்டு பனிக்கு ஆகுமா?

ஆகாது. பனிக்கு டயர் அளவுக்கென்றே செய்த சங்கிலி உண்டு. அதிலும் மெதுவாகத்தான் போக வேண்டும். பனி இல்லாத தார் ரோடு வந்ததும் கழற்றிவிடுங்கள். நம்மூர்க் கட்டு சேற்றைத் தாண்டும் நாலு அடிக்குத்தான்.

ஜேசிபி வந்துவிட்டது. பம்பரில் மாட்டி இழுக்கலாமா?

பம்பர்தான் வரும், வண்டி வராது. சேஸிஸ் கொக்கியில் மாட்டி, ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள்; கயிறு அறுந்தால் சாட்டையாக வீசும். டிப்பர் என்றால் இன்னொன்று: ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது பாரத்தைக் கொட்ட டப்பாவைத் தூக்கிவிடாதீர்கள், வண்டியே கவிழும். ஆள் வைத்து அள்ளி இறக்குங்கள்.